கிளட்ச் சத்தம்: கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, கால் பெடலில் இல்லை. அடியிலிருந்து உர்ர்ர் என்று ஒரு முனகல். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் திரும்ப வரும். வொர்க்‌ஷாப்பில் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள்: "ரிலீஸ் பேரிங் போயிடுச்சு சார், கிளட்ச் செட்டோட மாத்திடலாம்." கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பிளேட், அதை எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலில் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாக ஏறின. கூலி, சாமான் எல்லாம் கொடுத்து முடித்து ஸ்டார்ட் செய்தால் அதே உர்ர்ர். அந்த நேரத்தில் வந்த கோபத்தைவிட, யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாத இயலாமைதான் அதிகம். மிதித்தால் நிற்கிற சத்தத்துக்கு ரிலீஸ் பேரிங் காரணமாக இருப்பது அபூர்வம். அந்த ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டாவது கூலி மிச்சமாகியிருக்கும்.

கிளட்ச் வேலையில் பணத்தைத் தின்பது சாமான் மட்டுமில்லை, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியும்தான். எந்தப் பேரிங் கெட்டிருந்தாலும் அதை எட்ட கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். அதனால் இறக்குவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முடிந்தவரை உறுதி செய்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், கிளட்ச் பக்கத்துச் சத்தங்களில் பெரும்பாலானவற்றை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் பிரித்துவிடலாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அல்ல. "கீச்சுனு வருது", "கரகரனு வருது" என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பெடல் எந்த நிலையில் இருக்கும்போது வருகிறது, எந்த நிலையில் போகிறது என்பதுதான் கணக்கு.

இதற்கு உள்ளே எது எப்போது சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும். எஞ்சின் ஓடி, நியூட்ரலில், பெடலில் கால் இல்லாதபோது ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒன்றாக இறுகி ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்ப்லைனில் (பல் பல்லான வரிப்பள்ளங்களில்) மாட்டி, கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டும் அதே வேகத்தில் சுற்றும். அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கவுண்டர் ஷாஃப்டையும் சுற்றவைக்கும். அதாவது நியூட்ரலில் வண்டி நின்றிருந்தாலும் கியர்பாக்ஸின் முன்பாதி முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறது. பெடலை முழுதாக மிதித்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. கிளட்ச் பிளேட் விடுபடுகிறது, இன்புட் ஷாஃப்ட் வேகம் குறைந்து சில நொடிகளில் நிற்கிறது. அதே சமயம் ரிலீஸ் பேரிங்கின் மேல் முழுச் சுமையும் ஏறுகிறது. ஃப்ளைவீல் அல்லது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டிகளில், அதுவரை ஷாஃப்டோடு ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பேரிங் இப்போதுதான் உண்மையில் உருளத் தொடங்குகிறது. பைலட் பேரிங் எல்லா வண்டியிலும் கிடையாது. பின்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும், முன்சக்கர இழுவை கார்கள் பலவற்றில் இருக்காது.

இனி சோதனை. சத்தமில்லாத திறந்த இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஏசி, ஃபேன், ரேடியோ எல்லாம் ஆஃப். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை, காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை என இரண்டு வேளையும் பாருங்கள், ஏனென்றால் சில பேரிங்குகள் எண்ணெய் சூடாகி இளகியபிறகுதான் வாய் திறக்கும், சில ரிலீஸ் பேரிங்குகள் கிரீஸ் வறண்டு போய்க் காலையில் மட்டும் கீச்சிடும். முதலில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு பெடலை மட்டும் மெதுவாக மிதித்து விடுங்கள். இப்போதே கிரீச் என்றால் உள்ளே சுற்றும் எதற்கும் அதில் சம்பந்தமில்லை. பெடல் புஷ், பெடல் ஸ்பிரிங், கேபிள், அல்லது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கிளட்ச் ஃபோர்க் உட்காரும் பிவட் பந்து வறண்டிருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு துளி கிரீஸில் முடிகிற இந்தச் சத்தத்துக்காகக் கிளட்ச் செட் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பெடல் புஷ்ஷுக்கு கிரீஸ் வைத்தும் போகவில்லை, ஒருவர் மிதிக்க இன்னொருவர் கீழே குனிந்து கேட்டால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலிருந்து வருகிறது என்றால் ஃபோர்க் பிவட் அல்லது ரிலீஸ் பேரிங் வழுக்கும் கைடு ஸ்லீவ். அது கியர்பாக்ஸ் இறங்கும்போது பார்க்க வேண்டிய விஷயம், அதற்காகவே இறக்க வேண்டிய அவசரம் இல்லை.

அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில், பெடலை விட்டு முப்பது நொடி கேளுங்கள். பிறகு காலின் கனம் மட்டும் படுவதுபோல் பெடலை முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அழுத்துங்கள். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அப்புறம் முழுதாக மிதித்து, இன்புட் ஷாஃப்ட் நிற்கும்வரை ஐந்தாறு நொடி காத்திருங்கள். பின்பு பிரேக்கையும் அழுத்தி வைத்துக்கொண்டு, பெடல் முழுதாக மிதித்தபடியே முதல் கியர் போட்டுக் கேளுங்கள். கடைசியாக நியூட்ரலுக்கு வந்து, பெடலை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து 1500 ஆர்பிஎம் வரை ஏற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சத்தம் உண்டு, இல்லை, கூடியது, குறைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் பதிவு செய்து வைப்பதும் உதவும். ஆனால் போன் தானாகவே ஒலியளவைச் சரிசெய்துகொள்வதால், சத்தம் எவ்வளவு பெரிது என்று பதிவை நம்ப முடியாது. வருகிறதா போகிறதா என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெடல் மேலே இருக்கும்போது அமைதி, லேசாகத் தொட்டதும் சர்ர்ர் என்று தொடங்கி, மிதிக்க மிதிக்கக் கூடுகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். இது சந்தேகமே இல்லாத அடையாளம். நேர்மாறாக, பெடல் மேலே இருக்கும்போது சில்வண்டு போல விட்டுவிட்டு ஒரு கீச்சு, கால் பட்டவுடனே நின்றுவிடுகிறது, முழுதாக மிதித்தாலும் வரவில்லை என்றால், அங்கே பேரிங் இன்னும் நன்றாகவே இருக்கலாம். பிரஷர் பிளேட்டின் விரல்களை (பேரிங் அழுத்தும் ஸ்பிரிங் நாக்குகளை) அது உறுதியாகத் தொடாமல் உரசி உரசி ஆடுகிறது, அல்லது ஃபோர்க் அதன் பிவட்டில் ஆடுகிறது. கேபிள் வண்டியில் பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கேபிள் வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் கேட்பார்கள். உங்கள் வண்டியின் மானுவல் சொல்லும் அளவுதான் கடைசி வார்த்தை. கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டிகளில் பெரும்பாலும் பேரிங் எப்போதுமே லேசாகத் தொட்டபடிதான் இருக்கும், அங்கே சரிசெய்ய எதுவும் இருக்காது.

லேசாக மிதித்தபோது ஒன்றுமில்லை, முழுதாக மிதித்துச் சில நொடி கழித்து ஊளையிடத் தொடங்குகிறது, முதல் கியர் போட்டவுடன் இன்னும் கூடுகிறது என்றால் பைலட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கியர் போட்டவுடன் இன்புட் ஷாஃப்ட் முற்றிலும் நின்றுவிடுகிறது, கிராங்க் மட்டும் சுற்றுகிறது, இரண்டுக்கும் வேக வித்தியாசம் உச்சத்துக்குப் போகிறது. ரிலீஸ் பேரிங்குக்கோ கியர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே நிலைமைதான். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். மெக்கானிக் அவசரத்தில் தவறவிடுவதும் இந்த ஒரு படியைத்தான்.

இப்போது, முதலில் சொன்ன அந்த முனகல். பெடலை விட்டால் வருகிறது, மிதித்தால் சில நொடியில் தேய்ந்து நிற்கிறது. நிற்கும் விதத்தைக் கவனியுங்கள்: டக்கென்று அறுந்து நிற்காமல், சுருதி இறங்கி இறங்கி நின்றால், வேகம் குறைந்துகொண்டே போகும் ஷாஃப்டோடு அந்தச் சத்தம் சேர்ந்து இறங்குகிறது என்று அர்த்தம். இன்புட் ஷாஃப்ட் பேரிங்கோ கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கோ போயிருக்கிறது. ஆர்பிஎம் ஏற்றினால் சுருதியும் ஏறும். ஆனால் இதே "விட்டால் வரும், மிதித்தால் போகும்" பட்டியலில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களையும் பிரிக்க வேண்டும். ஐடிலில் கடகடவென்று தளர்ந்த சத்தம், 1200 அல்லது 1500 ஆர்பிஎம்முக்குப் போனால் மறைந்துவிடுகிறது என்றால் அது பேரிங் இல்லை. கிளட்ச் பிளேட் நடுவில் இருக்கும் டேம்பர் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம். டியூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) உள்ள வண்டியானால் அது தேய்ந்திருக்கலாம். அதற்கு இன்னொரு அடையாளம், எஞ்சினை ஆஃப் செய்யும் அந்த நொடியிலும் ஸ்டார்ட் ஆகும் நொடியிலும் கடகடவென்று ஓர் உலுக்கல். மூன்றாவது, எந்தக் கோளாறும் இல்லாத சாதாரண ஐடில் கியர் கலகலப்பு. டீசல் வண்டிகளில் சகஜம். கியர் ஆயில் சூடாகி இளகியபின் கூடும், ஐடில் வேகத்தைச் சற்றே ஏற்றினால் போய்விடும். உருள்கிற முனகலையும் தளர்ந்த கலகலப்பையும் குழப்பிக்கொண்டால் தப்பான சாமானுக்குப் பணம் போகும்.

இன்புட் ஷாஃப்டா கவுண்டர் ஷாஃப்டா என்று பின்சக்கர இழுவை வண்டிகளில் ஓட்டிப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். அவற்றின் கியர்பாக்ஸில் ஒரு கியர், பெரும்பாலும் நான்காவது, நேரடி கியர். அதில் விசை கவுண்டர் ஷாஃப்ட் வழியாகப் போகாது. இன்புட்டும் அவுட்புட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். மற்ற கியர்களில் இரைச்சல், நான்காவதில் மட்டும் கணிசமாக அடங்குகிறது என்றால் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் பக்கம் கை நீட்டலாம். முன்சக்கர இழுவை வண்டிகளில் நேரடி கியர் கிடையாது, அங்கே இந்தச் சோதனை உதவாது. எந்த வண்டியானாலும், ஓடும்போது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குப் போன பிறகும் சத்தம் அப்படியே இருந்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் கிளட்ச்சை மறந்துவிடுங்கள். டிஃபரன்ஷியல், அவுட்புட் ஷாஃப்ட் அல்லது வீல் பேரிங். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் வீல் பேரிங்தான் முதல் சந்தேகம்.

வெளியிலிருந்து ஏமாற்றுகிறவையும் உண்டு. ஆல்டர்னேட்டர் பேரிங், பெல்ட் ஐட்லர், ஏசி கம்ப்ரசர், தளர்ந்த சைலன்சர் தகடு. கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சின் சுமை மாறி ஐடில் வேகம் சற்று ஏறி இறங்கும். அந்த வேளையில் ஆல்டர்னேட்டர் சத்தமும் மாறும், கேட்பவருக்குக் கிளட்ச்சோடு சம்பந்தம் உள்ளதுபோலத் தோன்றும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் உடம்பில், பிறகு பெல் ஹவுசிங்கில், பிறகு கியர்பாக்ஸின் பின்முனையில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக் கேட்டால் எங்கே உரக்க வருகிறது என்று தெரிந்துவிடும். சுற்றுகிற பெல்ட், ஃபேன் பக்கத்தில் தொங்கும் துணியும் அவிழ்ந்த முடியும் கூடாது. அதற்கும் தெளியாவிட்டால் எஞ்சின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் ஒரு நிமிஷத்துக்குள் ஆஃப் செய்துவிட வேண்டும். வெளிபெல்ட்டையும் டைமிங் பெல்ட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டைமிங் பெல்ட் பக்கமே போகக் கூடாது.

அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இன்னொரு சோதனையை யாரும் செய்வதில்லை. செய்யாமல் விட்டால் பின்னால் பெரிய விலை. எஞ்சின் ஆஃப். ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் எஞ்சினின் மறுமுனையில் இருக்கும் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறோம், அந்தத் தள்ளலைத் தாங்குவது திரஸ்ட் வாஷர். புல்லி உள்ளே வெளியே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளந்தால் பல எஞ்சின்களில் இந்த அசைவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மிதித்தவுடன் எஞ்சின் திணறுவதும் ஒரு மொத்தையான உரசல் சத்தமும் இதன் அறிகுறிகள். இது எஞ்சின் வேலை. இதைக் கவனிக்காமல் புது கிளட்ச் போட்டால், புது பிரஷர் பிளேட்டின் அழுத்தம் தேய்ந்த இடத்தை மேலும் தேய்க்கும்.

கியர் போடும்போது, முக்கியமாக ரிவர்ஸில், கிர்ர்ர் என்று பல் இடிக்கும் சத்தத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெடலை முழுதாக மிதித்து பத்து நொடி பொறுத்துப் போட்டுப் பாருங்கள். பொறுத்துப் போட்டால் இடிக்கவில்லை என்றால் ஷாஃப்ட் நிற்பதற்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பூட்டும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. பொறுத்தும் இடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக்கில் காற்று, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் உள்கசிவு, நீண்டுபோன கேபிள், ஸ்ப்லைனில் துரு, வளைந்த பிளேட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் கிளட்ச் ஆயில் டேங்கைப் பாருங்கள். எண்ணெய் கருத்துப்போயிருந்தால் உள்ளே ரப்பர் சீல் கரைந்துகொண்டிருக்கிறது. இது கியர்பாக்ஸை இறக்காமலேயே முடிகிற வேலையாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்து இன்புட் ஷாஃப்ட் பேரிங் என்று தோன்றினால், இறக்குவதற்கு முன் கியர் ஆயிலைப் பார்த்தே ஆக வேண்டும். வண்டி சமமான இடத்தில் நிற்க வேண்டும். ஊற்றும் துளையின் மூடியை முதலில் திறங்கள், அது திறந்த பிறகுதான் வடிக்கும் மூடியைத் தொட வேண்டும். எண்ணெய் வடிந்தபிறகு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பல கியர்பாக்ஸ்களில் எண்ணெய் மட்டம் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். மூடியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மை போல மெல்லிய பசை ஒட்டியிருக்கும். இத்தனை ஓட்டத்துக்கு அது இயல்பு. விரலால் தேய்த்தால் மணல் போல நெருடினாலோ, வெளிச்சத்தில் பிடித்தால் செதில் செதிலாக மின்னினாலோ, ஒரு பேரிங்கின் மேற்பரப்பு உரிந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் மினுமினுப்பு பித்தளை, அது சிங்க்ரோ வளையத்திலிருந்து வருகிறது. இந்த வண்டியில் எண்ணெய் பாதிக்குமேல் குறைந்திருந்தது, காந்தத்தில் செதில் இருந்தது. முதல் முறை கியர்பாக்ஸ் தரையில் கிடந்தபோதே அந்த மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. நினைக்கும்போது இப்போதும் மனசு ஆறவில்லை.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் இருந்தால் அது என்ன எண்ணெய் என்று மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு கார நெடி இருக்கும், மறக்க முடியாது. அப்படியானால் இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது. கருப்பாக, அந்த நெடி இல்லாமல் இருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்க் பின்சீல். மெலிதாக, பெயின்ட்டை உரிக்கும் எண்ணெய் என்றால் பெல் ஹவுசிங்குக்குள் இருந்து எண்ணெய் அழுத்தத்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவு. இந்த வண்டியில் நடந்ததும் அந்தச் சங்கிலிதான்: சீல் தேய்ந்தது, எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது, பேரிங் காய்ந்து ஓடியது. இரண்டாவது முறை பிரித்தபோது பேரிங்கின் உள்வளையத்தில் ஓட்டப்பாதை அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழி குழியாக இருந்தது. கையில் வைத்துச் சுற்றினாலே நெருடல் விரலுக்குத் தெரிந்தது.

எந்தச் சத்தத்தோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது எல்லாருக்கும் வரும் கேள்வி. பெடல் மிதிக்கும்போது மட்டும் வரும் ரிலீஸ் பேரிங் சத்தத்தோடு சில காலம் ஓட்டலாம், சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரல் போட்டுக்கொண்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அது இறுகி நின்றுவிட்டால் பிரஷர் பிளேட்டின் விரல்களை அறுத்துவிடும். இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தத்தைத் தள்ளிப்போடவே கூடாது. ஷாஃப்ட் ஆடத் தொடங்கினால் கியர் பற்கள் சரியாகக் கூடாது, உரிந்த உலோகத்தூள் எண்ணெயோடு கலந்து நன்றாக இருக்கும் பேரிங்குகளையும் தின்னும். எண்ணெய் குறைந்திருந்தால் உடனே மட்டம் சேருங்கள், அது குணமாக்காது, மேலும் கெடுவதை மெதுவாக்கும். முனகல் தட்டல் சத்தமாக மாறினாலோ, கியர் தானாக வெளியே குதித்தாலோ வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு எதையெல்லாம் மாற்றுவது என்பதை இறக்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஓட்டத்தில் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இருந்தால் அது, இன்புட் சீல், கிராங்க் பின்சீல், ஃபோர்க் பிவட் இவை கேள்வியே இல்லாமல் புதியது. பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரும் அப்படியே. கைடு ஸ்லீவில் நகத்தை ஓட்டிப் பார்த்து நகம் தட்டும் அளவுக்குத் தடம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புது ரிலீஸ் பேரிங் அதில் சிக்கிச் சிக்கி நகரும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டை ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பல மானுவல்கள் மாற்றச் சொல்கின்றன. ஃப்ளைவீலில் நீலம் பாரித்த புள்ளிகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். டியூயல் மாஸ் ஃப்ளைவீலைச் சாதாரணமாகச் சீவக் கூடாது, அதன் ஆட்டத்தைத் தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் மாற்றுவதுதான் வழி. உள்ளே படிந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ரிலீஸ் பேரிங்கை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. உள்ளே அடைத்துவைத்த கிரீஸ் கரைந்துவிடும், வெளியே பளபளவென்று இருக்கும், கொஞ்ச நாளில் கத்தும்.

கியர்பாக்ஸைப் பிரித்துப் பேரிங் மாற்றுவதானால் இன்புட் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது வீண். கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்குகளும் அதே தூள் கலந்த எண்ணெயில் ஓடியவைதான். பேரிங்கில் பொறித்திருக்கும் நம்பரை முழுதாக ஒப்பிடுங்கள். கடைசியில் சி3 என்று இருந்தால் அது உள்இடைவெளி அதிகமுள்ள ரகம், அதே அளவில் சாதாரண ரகம் போட்டால் சூட்டில் இறுகும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். சுத்தியலால் மாற்றி அடித்தால் உருளைகள் வளையத்தில் பதிந்து, புது பேரிங்கே முனகும். டேப்பர் ரோலர் உள்ள பெட்டிகளில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளந்து போடாமல் மூடக் கூடாது.

ஏற்றும்போது நடக்கும் தப்புகள்தான் புது கிளட்ச்சையும் கத்தவைக்கின்றன. பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீல் பக்கம் என்று எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் திருப்பிப் போட்டால் டேம்பர் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும். நடுப்படுத்தும் கருவி வைத்துத்தான் பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும், ஒவ்வொரு போல்ட்டும் இரண்டு மூன்று சுற்றாக, எதிரெதிராக. கடைசி இறுக்கம், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில். பல வண்டிகளில் ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாதவை. ஸ்ப்லைனில் கிரீஸ் மிக மெலிதாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை ஓட்டிவிட்டு, வெளியே தள்ளிய மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். அதிகமாக வைத்தால் சுற்றும் வேகத்தில் பட்டையில் தெறித்து, கிளம்பும்போது வண்டி குலுங்கும். கியர்பாக்ஸின் கனம் ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், பிறகு கிளட்ச் விடுபடாது. உள்ளே ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டியில் கியர்பாக்ஸ் போல்ட் முழுக்க இறுகும்வரை யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது, எதிரில் தாங்க எதுவும் இல்லாமல் பிஸ்டன் வெளியே வந்து சீல் போய்விடும்.

கியர் ஆயில் மானுவலில் எழுதியதே. ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில் கனமாக இருக்கட்டும் என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதன் சேர்மானங்கள் சில பித்தளை சிங்க்ரோக்களுக்கு ஆகாது. கிளட்ச் ஆயிலை மாற்றி, கீழே காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை ப்ளீட் செய்யுங்கள் (எண்ணெயோடு காற்றை வெளியேற்றுங்கள்). கழற்றிய பழைய சாமான்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பேரிங் ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே சுற்றிப் பாருங்கள். நெருடுவது எது என்று விரல் சொல்லிவிடும், பில்லில் எழுதியதும் அதுவும் ஒத்துப்போகிறதா என்றும் தெரிந்துவிடும். முதல் சில நூறு கிலோமீட்டர் கிளட்ச்சை இழுத்துப்பிடித்து மேடேற்றாமல், பாரம் இழுக்காமல் ஓட்டினால் பட்டை சீராகப் பதியும். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் கியர் ஆயிலை மறுபடி வடித்துக் காந்தத்தைப் பாருங்கள். பழைய செதில் மிச்சம் கொஞ்சம் இருக்கும், அதைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள். அதற்கடுத்த முறை திறக்கும்போது பசை மட்டும்தான் இருக்க வேண்டும், செதில் இருந்தால் உள்ளே இன்னொரு பேரிங் பாக்கி இருக்கிறது.